நானூற்றுத் தொண்ணூற்றாறு பாயிண்ட் நான்கு

அந்த அக்காவிடம் மணி கேட்கக் கூடாது. குருபோங் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குக் கிடைத்த அறிவுரை அதுதான். தெரியாமல் கேட்டுவிட்டேன். "பத்து நாப்பத்தி மூணு" என்றார். நன்றி சொல்லிவிட்டு நடந்தேன். பின்னாலேயே வந்து தோளைத் தட்டினார்.

"தம்பி, நீ கேட்டப்பதான் நாப்பத்தி மூணு. இப்ப நாப்பத்தி நாலு ஆயிருச்சு."

கார்களுக்கான இரும்புச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலை அது. நான் டெலிவரி ஆபீஸில் இருந்தேன். அக்கா, மெஷினிலிருந்து வரும் சாமான்களின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவில் மூத்தவர். கைப்பையில் பவுடர் டப்பா இருக்க வேண்டிய இடத்தில் வெர்னியர் காலிப்பர் வைத்திருப்பார். கேண்டீன் வடையை அதால் அளந்து, "நேத்தவிட ரெண்டு மில்லி சின்னது" என்று கேண்டீன்காரம்மாவிடம் சொன்னதிலிருந்து அந்தம்மா அவருக்கு மட்டும் வடையைத் தேர்ந்தெடுத்துத் தருவார். நாங்கள் அவரைப் பாயிண்ட் அக்கா என்போம். அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

எங்கள் மேனேஜர் ஓய்வு பெற்றபோது பெரிய வாழ்த்து அட்டை வாங்கி, 'இருபது ஆண்டுச் சேவைக்கு நன்றி' என்று அச்சடித்து எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அக்கா போட மாட்டேன் என்றுவிட்டார்.

"பத்தொம்பது வருஷம் ஏழு மாசம்தான் ஆச்சு."

"கிட்டத்தட்ட இருவதுதானே அக்கா?"

"கிட்டத்தட்டன்னா எவ்வளவு?"

அவர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கடைசியில் அவர் தனியாக ஒரு சின்ன அட்டை வாங்கி, 'பத்தொன்பது ஆண்டு ஏழு மாதச் சேவைக்கு நன்றி' என்று எழுதிக் கொடுத்தார். மேனேஜர் பெரிய அட்டையை மேசையிலேயே மறந்து வைத்துவிட்டு, சின்ன அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அக்காவின் வீடு தொழிற்சாலைக்குப் பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வரிசை வீடுகளில் ஒன்று. அவரும் அவருடைய அப்பாவும் மட்டும்தான். ஹாலில் நாற்காலிகள் சுவரோரமாக ஒதுங்கியிருக்கும். நடுவில், சாமி படங்களுக்கு நேரெதிரே, ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும். இங்கிலீஷ்காரர்களின் ராணுவ வண்டி. பச்சை நிறம், எருமை மாதிரி உடம்பு. கீழே எண்ணெய் சொட்டுவதற்கு ஒரு தட்டு. "மணிக்கு நாலு சொட்டு. அஞ்சு வந்தா கவனிக்கணும்" என்பார் அக்கா.

அவருடைய அப்பா ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். தோட்டத்தை விற்று வீடுகள் கட்ட ஆரம்பித்தபோது, ஸ்டோரில் துருப்பிடித்துக் கிடந்த இந்த வண்டியை அவர்தான் கேட்டு வாங்கி வந்தார். வாங்கி வந்த நாளிலிருந்து அதற்கு ஒரு கதையும் சேர்ந்துகொண்டது. அது ஒரு வெள்ளைக்கார ஜெனரல் ஓட்டிய வண்டி. நூறு மைல் வேகத்தில் போகும். ஒரு ஆணிகூட மாற்றாத அசல். அப்பா சொல்லும் எண்கள் எல்லாம் நூறு, ஆயிரம் என்றுதான் முடியும். மகள் சொல்லும் எண்களில் புள்ளி இல்லாமல் இருக்காது. இருவரும் ஒரே வீட்டில் எப்படிக் குடியிருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

"அப்பா, இது பதிமூணு ஹார்ஸ்பவர். அறுவது மைல் போனாலே அதிசயம்."

"ஜெனரல் போனாரு லா."

"மலையிலேர்ந்து விழுந்தாரா?"

எனக்கு இன்ஜின் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பொறுமையாக விளக்கினார். இப்போதைய வண்டிகளில் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே, தலைப்பகுதியில் தொங்கும். இந்த வண்டியில் அவை சிலிண்டருக்குப் பக்கத்திலேயே நிமிர்ந்து நிற்கும். பெட்ரோல் காற்று பக்கத்திலிருந்து மேலே ஏறி, வளைந்து, சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். அதனால் வேகம் வராது. ஆனால் இழுக்கும், மட்டமான பெட்ரோலையும் குடிக்கும், எளிதில் சாகாது. ஒரே குறை, வால்வு இருக்கும் பக்கம் சூடு தங்கிவிடும்.

"இதோட ஹெட்ல ஒண்ணுமே இல்ல தம்பி. வெறும் மூடி."

"நம்ம சூப்பர்வைசர் மாதிரியா அக்கா?"

அக்கா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார். "இல்ல. இதுல சூடு ஆற ஃபின் தகடு இருக்கு" என்றார்.

சிலிண்டரின் விட்டம் எண்பத்திரண்டு மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் தொண்ணூற்று நான்கு. கணக்குப் போட்டால் கொள்ளளவு நானூற்றுத் தொண்ணூற்றாறு பாயிண்ட் நான்கு சிசி. உலகமே அதை ஐந்நூறு சிசி வண்டி என்று சொல்லும். உலகத்தோடு அக்காவுக்கு இருந்த தகராறு அந்த மூன்று பாயிண்ட் ஆறில்தான்.

ஒருமுறை சிலிண்டர் தேய்ந்துவிட்டதென்று அரை மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து, அதாவது ரீபோர் செய்து, அதற்கேற்ற பிஸ்டன் போட்டார். அடுத்த வாரம் சாலையில் போலீஸ் சோதனை. நான் என் வண்டியில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். மலாய்க்கார போலீஸ்காரர் பதிவு அட்டையைப் பார்த்து, "நானூற்றுத் தொண்ணூற்றாறு சிசியா?" என்று கேட்டார். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அட்டையில் இருப்பது தப்பு, இப்போது அது ஐந்நூற்று இரண்டு பாயிண்ட் ஐந்து என்றார். கேட்காமலே கைப்பையிலிருந்து தாள் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டவும் ஆரம்பித்தார். பின்னால் பதினோரு கார்கள் நின்றன. (நான் எண்ணவில்லை. அக்காதான் பிறகு சொன்னார்.) "சுடா லா காக்" என்று போலீஸ்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். போதும் அக்கா, போய்விடுங்கள் என்று அர்த்தம்.

இப்படிப்பட்டவருக்கு மாப்பிள்ளை பார்ப்பது சுலபமில்லை. வந்தவர்களில் ஒருவர், "எப்பவாச்சும் தண்ணி போடுவேன்" என்றார். "எப்பவாச்சும்னா வாரத்துக்கு எத்தன தடவ?" என்று கேட்டு அக்கா பேனாவைத் திறந்ததும், அவர் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வேறொருவர் தன் உயரம் ஐந்தடி எட்டங்குலம் என்றார். அவரைக் கதவோரம் நிற்க வைத்ததாகக் கேள்வி.

அக்காவுக்கு முப்பத்தொன்பது வயதானபோது, நான் ஒரு துணிச்சலில் இறங்கினேன். என் பெரியம்மா மகன் டுரியான் துங்காலில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். மனைவி இறந்து பல வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. நல்ல மனிதர், பேச்சுக் குறைவு. அவரிடம் இருந்த ஒரே ஆபத்து, ஐந்நூறு பேருக்குச் சமைத்தாலும் எதையும் அளக்க மாட்டார். உப்பு கையளவு, புளி கண்ணளவு, நேரம் வாசனையளவு.

பெண் பார்க்கப் போகும் வழியில் காரிலேயே அவருக்குப் பாடம் நடத்தினேன். "அண்ணே, ஹால்ல மோட்டார் நிக்கும். ஐநூறு சிசின்னு மட்டும் சொல்லிடாதீங்க. நானூத்தித் தொண்ணூத்தாறு பாயிண்ட் நாலு. எங்க, சொல்லுங்க." அண்ணன் ஆயர் குரோவிலிருந்து குருபோங் வரை மந்திரம் மாதிரி அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே, அண்ணன் வண்டியைக் கைகாட்டிச் சொல்லிவிட்டார்:

"நானூத்தித் தொண்ணூத்தாறு பாயிண்ட் நாலு."

அக்கா முதல்முறையாக ஒரு மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"அது ரீபோர் பண்றதுக்கு முன்ன" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சாமி படத்தைப் பார்த்தேன்.

பிறகு அக்கா கேட்டார், "பத்துக் கிலோ அரிசிக்கு எவ்வளவு உப்பு போடுவீங்க?"

"தேவையான அளவு."

"தேவையான அளவுன்னா?"

"போட்டதுக்கப்புறம் நிறுத்திருவேன்."

அக்காவின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா நோட்டில் எதையோ எழுதி, எழுதியதை அடித்தார். கிளம்பும்போது பெரியவர் மகளிடம், "என்னம்மா சொல்ற?" என்று கேட்டார். "யோசிக்கணும்" என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டதற்குப் பதினான்கு நாள் என்றார்.

ஒன்பதாவது நாள் அக்கா என் மேசைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை செர்காமுக்கு மீன் சாப்பிடப் போகலாம், அண்ணனையும் வரச் சொல் என்றார். அவர் மோட்டார் சைக்கிளில் வருவார். நானும் அண்ணனும் பெரியவரும் என் காரில் பின்னால் போக வேண்டும். அந்த வண்டிக்கு ஒரு வியாதி இருந்தது. கிளம்பி சரியாகப் பத்தொன்பதாவது நிமிடம் நின்றுவிடும். ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல் ஓடும். அக்கா தீப்பொறி தரும் மேக்னட்டோவை மாற்றிப் பார்த்தார், கார்புரேட்டரைக் கழுவிப் பார்த்தார். எல்லா அளவும் கையேட்டில் இருப்பதுபோலவே இருந்தது. அளவு சரியாக இருக்கும் ஒரு பொருள் சரியாக ஓடாமல் இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. அந்த நாட்களில் சாப்பாட்டைக்கூடப் பாதியில் வைத்துவிடுவார்.

அன்றும் நின்றது, ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில். நாங்கள் இறங்கிப் போனோம். அக்கா காலால் மெதுவாக மிதித்துப் பார்த்தார். எதிர்ப்பே இல்லாமல் மிதி கீழே இறங்கியது.

அண்ணன் குந்தி உட்கார்ந்து, புகைக்குழாயின் பின்முனையில் காதை வைத்தார்.

"இன்னொரு தடவ மிதிங்க."

அக்கா மிதித்தார்.

"மூச்சு ஒழுகுதுங்க" என்றார் அண்ணன். "இட்லிச் சட்டி மூடி சரியா உக்காரலன்னா இப்படித்தான் உஸ்ஸுங்கும்."

 அக்கா உடனே மண்டியிட்டு, இன்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே வால்வின் அடிக்காம்பும், அதைத் தள்ளும் தண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்க வேண்டும். சூட்டில் வால்வு நீளும்போது அதற்கான இடம் அது. இடைவெளி போதாவிட்டால் வால்வு முழுசாக மூடாது, மூச்சு ஒழுகும். கையேட்டின்படி, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பன்னிரண்டு பங்கு. நாலு தலைமயிரின் கனம்தான். அக்கா வைத்திருந்ததும் அச்சாகப் பன்னிரண்டுதான்.

"கூட்டணும்" என்றார் அக்கா தனக்குத்தானே. பிறகு, வாழ்க்கையில் முதல்முறை என்று நினைக்கிறேன், இன்னொருவரிடம் கேட்டார்: "எவ்வளவு?"

"கொஞ்சம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் 'கொஞ்சம்னா எவ்வளவு?' என்று அக்கா கேட்கவில்லை. அண்ணனே சொன்னார், "நீங்க தொறந்துகிட்டே வாங்க. சத்தம் நின்னா நான் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, செர்காம் சாலையில், மீன் சாப்பிடப் போகிற கார்களெல்லாம் வேகம் குறைத்துப் பார்த்துக்கொண்டு போயின. ஒரு பெண்மணி இன்ஜினுக்குள் ஸ்பேனரோடு. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் புகைக்குழாயோடு ரகசியம் பேசுவதுபோல். அவர் கொதிக்கும் சிலிண்டரில் ஒரு கையை ஊன்றியிருந்தார். அடுப்படிக் கை, சூடு தெரியவில்லை. திருகி, மிதித்து, திருகி, மிதித்து, ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ அண்ணன் கையை உயர்த்தினார். "போதும்."

இன்ஜின் ஆறியதும் அக்கா மெல்லிய அளவுத் தகடுகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். "பதினெட்டு" என்றார். நோட்டில் எழுதினார். வண்டி செர்காம் போய், வீடு திரும்பும் வரை எங்கும் நிற்கவில்லை. மீன் கடையில் அக்கா அண்ணனின் தட்டில் மிளகாய்ச் சம்பல் எடுத்து வைத்தார். எவ்வளவு என்று பார்க்காமலே வைத்தார்.

ஆனால் அக்காவுக்கு வண்டி ஓடினால் போதாது. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏன் பதினெட்டு தேவைப்பட்டது? மறுநாளே லீவு போட்டு இன்ஜினைப் பிரித்தார். எக்ஸாஸ்ட் வால்வு, அதாவது புகை வெளியேறும் வால்வு, அந்த வண்டியுடையதே இல்லை. ஏதோ லோரியின் வால்வை லேத்தில் கடைந்து போட்டிருந்தார்கள். வேறு இரும்பு. சூட்டில் அதிகம் நீளும். அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார். பெரியவர் முதலில் ஜெனரல்மீது பழி போட்டார். கடைசியில், ஜாசினில் ஒரு பட்டறையில் தான்தான் போட்டு வாங்கியதாக ஒத்துக்கொண்டார்.

"அப்ப ஒரிஜினல்னு சொன்னது?"

"கிட்டத்தட்ட ஒரிஜினல்தான் லா" என்றார் பெரியவர். அந்த வார்த்தையை அந்த வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது.

பதினான்காவது நாள் அக்கா சம்மதம் சொன்னார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்த வேளையில்தான் பழைய மோட்டார் சைக்கிள் கண்காட்சி வந்தது. பெரியவர் பல மாதங்களுக்கு முன்பே வண்டியைப் பதிந்து வைத்திருந்தார். 'முழுக்க அசல்' என்ற பிரிவில். தோட்டத்துப் பழைய ஆட்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார். நடுவர் ஒரு வயதான சீனர். கால் மணி நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பரிசுக்கான சிவப்பு ரிப்பனை எடுத்தார்.

"எல்லாம் ஒரிஜினலா?" என்று மலாயில் கேட்டார்.

"நூத்துக்கு நூறு!" என்றார் பெரியவர்.

"எக்ஸாஸ்ட் வால்வ் லோரியோடது" என்றார் அக்கா.

நடுவரின் கை நின்றது. அவருக்கு மனசில்லை. "உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார்.

"எனக்குத் தெரியுமே."

ரிப்பன் பக்கத்து வண்டிக்குப் போனது. அக்கா அந்தச் சொந்தக்காரருக்குக் கைகொடுத்து வாழ்த்தினார். அவருடைய முன்டயரில் காற்றுக் குறைவு என்றும் சொன்னார். பெரியவர் தோட்டத்து ஆட்களின் வேனில் ஏறிக்கொண்டார். ஏறும்போது என்னிடம் சொன்னார்: "நாலு பேரு முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்டா. நான் இவ கல்யாணத்துக்கு வர மாட்டேன். சொல்லிடு."

ஒரே வீட்டில் பதினோரு நாள் பேச்சில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அக்கா தொழிற்சாலையில் ஒரு நாள் நல்ல சாமான் ஒன்றைத் தப்பென்று ஒதுக்கினார். அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. "நான் சொன்னது தப்பா தம்பி?" என்று கேட்டார். தப்பில்லை என்றேன். "அப்புறம் ஏன் இப்படி இருக்கு?" என்றார். 

நான் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பெரிய தூக்குச் சட்டியில் ஆட்டுக்கறிப் பிரட்டல் எடுத்துக்கொண்டு வந்தார். பெரியவருக்குப் பரிமாறினார். எதிரில் உட்கார்ந்தார்.

"ஐயா, அந்த ஜெனரல் கதைய எனக்கு யாரும் முழுசா சொன்னதில்ல."

பெரியவர் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். ஜெனரல் சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிறார். நூறு மைல் வேகம். மூவார் ஆற்றைத் தாண்டியதும் ஒரு புலி துரத்துகிறது. பன்னிரண்டு அடி நீளம். அண்ணன் ஒவ்வொரு இடத்திலும் "அப்புறம்?" என்றார். அதைத் தவிர ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆற்றங்கரையிலிருந்து ஜாசின் வருவதற்குள் புலி பதினாறு அடியாகிவிட்டது.

அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் காலிப்பர். புலி வளர்ந்த இடத்தில் அவர் வாய் திறந்தது.  காலிப்பரின் தாடை திறந்து மூடியது. மறுபடி திறந்து மூடியது. அக்காவின் வாயும் மூடிக்கொண்டது. கதை முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலானது. அத்தனை நேரமும் அவர் அங்கேயே நின்றார். ஒன்றையும் திருத்தவில்லை. என் வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய தியாகங்களில் அதுவும் ஒன்று.

பெரியவர் கை கழுவ எழுந்தார். மகளைத் தாண்டிப் போகும்போது நின்றார். "இவன் நல்லாக் கேக்குறான்" என்றார். பிறகு, "கல்யாணப் பத்திரிகையில என் பேரு சின்னதா இருக்கு. பெருசாப் போடச் சொல்லு." அவ்வளவுதான். சமாதானம்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் பெரியவரையும் கூட்டிக்கொண்டு ஜொகூர் பக்கம் போய்விட்டார்கள். அண்ணனுக்கு அங்கே பெரிய கேண்டீன் எடுத்து நடத்த இடம் கிடைத்தது. நானும் வேலை மாறிவிட்டேன். அக்காவைப் பார்த்து ஆறேழு வருடம் இருக்கும். அவர் இதைப் படித்தால் ஆறா, ஏழா என்று கேட்டு மெசேஜ் அனுப்புவார்.

கல்யாணம் டுரியான் துங்கால் கோவிலில் நடந்தது. சாப்பாடு முடிந்து, மணமக்கள் கிளம்பக் கார் அலங்கரித்து நின்றது. அக்கா அதைத் தாண்டி நேராக மோட்டார் சைக்கிளுக்குப் போனார். மாலையைக் கழற்றி ஐயர் கையில் கொடுத்தார். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகி, ஹெல்மெட்டை மாட்டி, ஒரு மிதி மிதித்தார். இன்ஜின் நிதானமாக, ஆள் நடக்கிற மாதிரி அடிக்க ஆரம்பித்தது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதலில் தன் முழங்காலைப் பிடித்தார். பிறகு சீட்டின் கம்பியைப் பிடித்தார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியவர் தென்னை மரத்தில் காய் இருக்கிறதா என்று பார்ப்பவர்போல் மேலே பார்த்தார்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளட்ச்சிலிருந்து இடது கையை எடுத்து, பின்னால் நீட்டி, அண்ணனின் கையைப் பிடித்து இழுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். பிறகு கியர் போட்டார்.